‘இனி எதுக்கு நான் இருக்கணும்?’ – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. வாழ்க்கையில் பிடிப்பு விட்டுப்போனவரிடம் என்ன பேசுவது, அவரை எப்படிக் கேட்பது? சிலர் அந்த நிலையில் தாங்களே இருந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை கணவன் மனைவி சண்டை, பரீட்சை பயம் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகுதி நேரமாகக் கவுன்சலிங் படிக்கிறேன். பயிற்சிக்காகச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் மண்டபத்தில் உட்காருகிறேன். ஒரு 62 வயது அம்மா வந்தார். தோட்டத்தை விற்றுவிட்டதால் லயத்து வீட்டை விட்டு மகனோடு தாமான் வீட்டுக்கு வந்தவர். கணவர் போன வருஷம் தவறிவிட்டார். “இனி எதுக்கு நான் இருக்கணும்?” என்று கேட்டார். பேரப்பிள்ளைகளைப் பாருங்கள், கோயிலுக்குப் போங்கள் என்றேன், ஒரு குறளும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் வரவில்லை. வகுப்பில் இருத்தலியல் சிகிச்சை நடத்துகிறார்கள், சாவு, தனிமை, வாழ்க்கையின் அர்த்தம் இதையெல்லாம் ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்று பேசிப் பார்க்கும் முறை. தத்துவம் புரிகிறது. எதிரில் ஆள் உட்கார்ந்தால் வாயில் என்ன வர வேண்டும் என்றுதான் தெரியவில்லை.
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். “போன வாரம் நான்தான் நிறைய பேசிட்டேன்மா. இந்த வாரம் நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்” என்று சொன்னால் போதும். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கவும் வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் வேறொரு கடிதத்துக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னதெல்லாம் நல்ல சொற்கள். ஆனால் அவர் கொண்டுவந்த கேள்வி அப்படியே அவர் மடியில்தான் இருக்கிறது. அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. நம் ஆட்களிடம் யாராவது துக்கம் சொன்னால் உடனே ஒரு ஆறுதலைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் மரியாதை என்று பழகியிருக்கிறோம். சாவு வீட்டில் அது சரி. ஆலோசனை நாற்காலியில் அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும்.

எட்மண்ட் ஹுசர்ல் என்ற ஜெர்மன் தத்துவ ஆசிரியரின் பெயரை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அவர் சொன்ன வழியை லண்டனில் இருத்தலியல் சிகிச்சை கற்றுக்கொடுப்பவர்கள் ஒரு வேலை முறையாகவே மாற்றிவிட்டார்கள். நமக்குத் தோன்றும் காரணத்தை ஓரமாக வை. நடந்ததை விவரிக்கச் சொல். அவர் சொல்லும் விவரங்களில் எது பெரிது எது சின்னது என்று நீ முடிவு கட்டாதே. வேலை இவ்வளவுதான், கேட்க எளிது. ‘கணவர் போன துக்கம்’ என்று நீங்கள் ஏற்கெனவே மனசுக்குள் தலைப்புப் போட்டுவிட்டதால், வேறு என்ன சொன்னாலும் அந்தத் தலைப்புக்குக் கீழேதான் உங்கள் காதில் விழும். அவருக்கு அது வீடு மாறிய துக்கமாக இருக்கலாம். முப்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தவளைப் பிரிந்த துக்கமாகவும் இருக்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், எழுபதை நெருங்கும் வயது. தூக்கம் வரவில்லை என்று வந்தார். கிளினிக்கில் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள்.

“எத்தனை மணிக்கு முழிப்பு வருதுண்ணே?”

“நாலு மணி. தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போற நேரம். உடம்பு மறக்கல.”

“முழிச்சு என்ன பண்ணுவீங்க?”

“சும்மா ஹால்ல உக்காந்திருப்பேன். லைட் போட மாட்டேன். மருமக எந்திரிச்சிரும்.”

“இருட்டுலயே உக்காந்து?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கத்தி தீட்டுவேன்” என்றார்.

வேறு முறையில் பயிற்சி பெற்ற பலர் இந்த இடத்தில் ஒரு விளக்கத்தோடு பாய்ந்திருப்பார்கள். நான் முதலில் நேராகக் கேட்டேன்: “அண்ணே, அந்தக் கத்தியால உங்களையே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணியிருக்கா?” அவர் திடுக்கிட்டு, “சேச்சே, பால் வெட்டுற கத்தியை அதுக்கா எடுப்பாங்க?” என்றார். அந்த அதிர்ச்சி உண்மையானது. சரி, மேலே போனோம்.

“தீட்டிட்டு?”

“துணியில சுத்தி மறுபடி அலமாரியில வெச்சிருவேன்.”

“தீட்டும்போது எப்படி இருக்கும்?”

“அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் ஆளா இருக்கிற மாதிரி இருக்கும்.”

தூக்க மாத்திரைக்கு எட்டாத விஷயம் இது. அதன் பிறகு பல வாரம் நாங்கள் பேசியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அவர் நிரையில் புது மரம் திறக்க வேண்டுமென்றால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அவரைத்தான் கூப்பிடுவாராம், அவர் கை மரத்தைக் காயப்படுத்தாது என்று. அந்தக் கைக்கு இப்போது வேலை இல்லை. வீட்டில் யாரும் அவரை நம்பி எதையும் கொடுப்பதும் இல்லை. அன்பாகத்தான், “நீங்க உக்காருங்கப்பா” என்கிறார்கள். அந்த அன்புதான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. இன்றைக்கும் நாலு மணிக்கு முழிப்பு வருகிறது. ஆனால் மருமகளிடம் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்கிறார், வீட்டுக்கே காலைப் பசியாறவும் அவர்தான் செய்கிறார். மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசிக்கொள்ளட்டும், அது என் வேலை இல்லை.

‘ஏன்’ என்று கேட்டிருந்தால் அவர் ஒரு காரணம் சொல்லியிருப்பார், நானும் தலையாட்டியிருப்பேன். ‘எங்கே உட்கார்ந்து’, ‘அப்புறம்’, ‘எப்படி இருக்கும்’ என்று கேட்டதால் கத்தி வெளியே வந்தது. உங்களுக்கு வாயில் வர வேண்டியது இந்த மாதிரிச் சின்னக் கேள்விகள்தான்.

அந்த அம்மாவிடம் எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் நான்கு பக்கமும் பாருங்கள். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கர் மனிதன் வாழும் உலகத்தை மூன்றாகப் பார்த்தார். உடம்பும் சுற்றியிருக்கும் இடமும் ஒன்று, மற்ற மனிதர்கள் ஒன்று, தன்னோடு தான் இருப்பது ஒன்று. லண்டனில் இந்த முறையை வளர்த்த எம்மி வான் டர்சன், நம்பிக்கையும் வாழ்க்கைக்குப் பொருள் தரும் மதிப்புகளும் அடங்கிய நான்காவது உலகத்தைச் சேர்த்தார். இதை ஃபாரம் நிரப்புவதுபோல் வரிசையாகக் கேட்டுவிடாதீர்கள். காது மட்டும் நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். முட்டி வலியோடு மாடிப்படி ஏறுகிறாரா? புது வீட்டில் துளசிச் செடி வைக்க மண் இருக்கிறதா? மகன் வேலைக்குப் போனபின் வாய்திறந்து பேச யார்? தனியாக இருக்கும்போது தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறார்? தோட்டத்து மாரியம்மன் கோயில் என்ன ஆனது, இடித்துவிட்டார்களா, இடம் மாற்றிவிட்டார்களா? “கோயிலுக்குப் போங்கள்” என்று நீங்கள் சொன்னபோது அவர் மனசில் வந்த கோயில் இப்போது அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். யோசித்துப் பாருங்கள்.

உணர்ச்சியையும் தடங்கலாகப் பார்க்காதீர்கள். அது ஒரு திசையைக் காட்டுகிறது. துக்கம் வந்தால் அவர் மதித்த ஏதோ ஒன்று போய்விட்டது. கோபம் வந்தால் மதிப்பது ஒன்று பறிபோகும் நிலையில் இருக்கிறது, இன்னும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. பொறாமை என்றால், எட்டவில்லையே என்று ஏங்கும் ஒன்று இருக்கிறது. குற்ற உணர்ச்சி வந்தால் செய்யாமல் விட்டது ஏதோ காத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே “அழாதீங்கம்மா” என்று சொல்லும் முன், “இப்ப எதை நெனச்சு கண்ணீர் வந்துச்சு?” என்று கேளுங்கள்.

உங்களுக்கு ஒன்று புரிந்ததாகத் தோன்றினால் அதை அவர் முன்னால் வையுங்கள், அவர் மேல் ஒட்டாதீர்கள். “எனக்கு இப்படிப் படுதும்மா, சரியா தப்பா நீங்கதான் சொல்லணும்.” தப்பு என்றால் உடனே விட்டுவிடுங்கள். எவ்வளவு ஆழம் போவது என்பதற்கு நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அளவு உண்டு: பால் வெட்டுகிறவர் பட்டையைத்தான் சீவுவார், கத்தி கட்டையில் இறங்கினால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி அடுத்த முறை வெட்டவே முடியாது. முதல் வாரத்திலேயே கணவரின் கடைசி இரவைக் கிளறாதீர்கள். அவரே அங்கே போனால் கூடவே போங்கள்.

கேள்வி: கவுன்சலிங் என்று வாயெடுத்தாலே என் வீட்டில், “உனக்கு என்ன, தஞ்சோங் ரம்புத்தானா?” என்கிறார்கள். இது பைத்தியத்துக்குப் பார்க்கிற வைத்தியமா? நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– குடும்பத்தலைவி, கோல கங்சார்

பதில்: பேராக் மாநிலத்தில் வளர்ந்த எல்லாரும் கேட்ட ஏச்சு இது. தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை, 1911 முதல் இருக்கிறது. அங்கே போய்க் குணமாகி, திரும்பி வந்து வேலை பார்க்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்துவதை நாம் விட்டாக வேண்டும். மருத்துவமனை மருந்தும் கவுன்சலிங் பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரியும் இல்லை, சிலருக்கு இரண்டுமே வேண்டும். இருத்தலியல் வழியில் வேலை செய்பவர்கள் நோய்க்குப் பெயர் வைப்பதைவிட அந்த மனிதர் எதை எதிர்கொண்டு வாழ்கிறார் என்பதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். சாவு, பிரிவு, முடிவெடுக்க வேண்டிய நிலை, தனிமை, இதெல்லாம் எந்த வீட்டில் இல்லை?

மலேசியாவில் ஆலோசகர் தொழிலுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் 580 இருக்கிறது. ஆலோசகர் வாரியமான லெம்பாகா கவுன்சலோர் மலேசியாவில் பதிந்தவர்தான் தன்னைக் கவுன்சலோர் பெர்டாஃப்தார், அதாவது பதிவு பெற்ற ஆலோசகர், என்று சொல்லிக்கொள்ள முடியும். பதிவு எண் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். ஒழுங்கான ஆளுக்குக் கோபம் வராது. நீங்கள் பேசுவதை ரகசியமாகக் காக்க வேண்டிய கடமையும் அவருக்குச் சட்டப்படி உண்டு. காசு பிரச்சினை என்றால் முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள், அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. அப்பா இல்லை. சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. இங்கே பட்டறையில் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அம்மா தனியாகிவிடுவார். தம்பி ஈப்போவில் படிக்கிறான், வார இறுதியில்தான் வருவான். இரண்டு மாதமாக இதே நினைப்பு, ராத்திரி நெஞ்சு படபடக்கிறது. போகட்டுமா, வேண்டாமா? அக்கா, நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உன் கடைசி வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் போ என்றால் நீ போவாய், அங்கே ஒரு நாள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அந்த அக்கா சொன்னாள் என்று நினைப்பாய். இரு என்றாலும் இதே கதைதான். இது உன் வாழ்க்கை, உன் பெயரில்தான் நடக்கும்.

1945இல் பாரிஸ் நகரத்தில் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் ஷான் பால் சார்த்ர் ஒரு கூட்டத்தில் பேசியபோது கிட்டத்தட்ட உன்னைப் போலவே வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். போர்க்காலம். அவனுடைய அண்ணன் 1940இல் கொல்லப்பட்டுவிட்டான். அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் ஆதரவு. இங்கிலாந்துக்குப் போய் நாட்டுக்காகப் போராடும் படையில் சேரவும் ஆசை. என்ன செய்யட்டும் என்று கேட்டான். சார்த்ர் சொன்ன பதில், நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்பதுதான். நியாயமான பதில். ஆனால் ஆலோசகர் அந்த இடத்தில் எழுந்து போய்விட முடியாது என்பது என் எண்ணம். முடிவை உன்னிடம் விட்டுவிட்டு, முடிவெடுக்கிற வரை கூட உட்கார வேண்டும். அதனால் சிலவற்றைக் கேட்கிறேன், எழுதிப் பார்.

சிங்கப்பூரில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுது. சம்பள நாளை எழுதாதே. எத்தனை மணிக்கு எழுகிறாய், அறையில் எத்தனை பேர், எங்கே சாப்பிடுகிறாய், ராத்திரி யாரோடு பேசுகிறாய்? பிறகு இங்கேயே இருந்தால் மூன்று வருஷம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமையையும் எழுது. பட்டறையில் யார் உன்னைக் கூப்பிடுகிறார்கள், என்ன சொல்லி? எழுதும்போது எந்த இடத்தில் கை நின்றது, எங்கே வேகமாக ஓடியது என்று கவனி.

அடுத்தது, அம்மாவிடம் கேட்டாயா? உன் கடிதம் இரண்டு பக்கம், அதில் அம்மா சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. அவர் தாங்க மாட்டார் என்று நீ சொல்கிறாய். அவரிடம் கேட்காமல் அவர் சார்பில் நீ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கேட்டால் அவர் அழலாம். “தாராளமா போடா” என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டால், போகாமல் இருக்க உனக்கு வேறு காரணம் எதுவும் மிஞ்சாது. அந்தப் பயம் உனக்குள் இருக்கிறதா என்றும் பார். எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒன்றை இழக்கத்தான் வேண்டும். இழப்பே இல்லாத வழி ஒன்று எங்கேயோ இருக்கிறது, அது அகப்படவில்லை என்பதுபோல் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறாய். அப்படி ஒரு வழி இல்லை. இப்படியே இருந்தால் வேலை கொடுத்தவர்கள் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அதுவும் நீ எடுத்த முடிவுதான், காலண்டர் எடுத்ததுபோல் தோன்றும். நெஞ்சுப் படபடப்பை ஒருமுறை கிளினிக்கில் காட்டிவிடு. அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால், பெரிய முடிவு ஒன்று உன் கையில் இருக்கிறது என்று உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான். அதற்காக வெட்கப்படாதே.

முடிவெடுத்த பின் எனக்கு எழுது. எதுவாக இருந்தாலும் சந்தோஷமாகப் படிப்பேன்.

கேள்வி: விக்டர் பிராங்கல் பற்றிப் படித்தேன். எந்தத் துன்பத்திலும் அர்த்தம் காணலாம் என்று அவர் சொல்கிறார். என் தங்கை விபத்தில் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “என் பிள்ள செத்ததுல என்ன அர்த்தம்?” என்று கத்திவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது தப்பா?
– கல்லூரி மாணவி, தஞ்சோங் மாலிம்

பதில்: உன் நோக்கத்தில் தப்பில்லை. அம்மாவின் கோபத்திலும் தப்பில்லை.

பிராங்கல் வியன்னா நகரத்து மருத்துவர், யூதர். 1942இல் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். 1945இல் விடுதலையானபோது அப்பா, அம்மா, உடன்பிறந்த சகோதரர், மனைவி என்று யாருமே உயிரோடு இல்லை. அப்படிப்பட்டவர் அர்த்தம் பற்றிப் பேசினார் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடை இருக்கிறது. ஆனால் அவரும் அர்த்தத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை, கொடுக்க முடியாது என்றுதான் சொன்னார். அவரே எழுதிய ஒரு நிகழ்ச்சி: மனைவி இறந்து இரண்டு வருஷமாகத் துக்கத்திலிருந்து மீளாத ஒரு வயதான டாக்டர் அவரிடம் வந்தார். பிராங்கல் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார். நீங்கள் முதலில் போய், உங்கள் மனைவி தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளுக்கு அது தாங்க முடியாததாக இருந்திருக்கும் என்றார் அந்த டாக்டர். அந்தத் துன்பத்தை மனைவிக்கு வராமல் தடுத்தவர் அவர்தான், அதற்கு விலையாகத் தான் உயிரோடிருந்து அழ வேண்டியிருக்கிறது என்று பிராங்கல் எடுத்துக் காட்டியதும், அவர் கை குலுக்கிவிட்டு எழுந்து போனார்.

கேள்வி முதலில் வந்ததைக் கவனி. அந்த டாக்டர் தன் வாயால் சொன்ன பதில்மேல்தான் பிராங்கல் பேசினார். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்து அம்மாவிடம் கேட்டுவிடாதே, அது அந்த டாக்டருக்கு வெட்டிய சாவி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது குரூரமாகப் படும்.

ஒரு மரணத்தில் அர்த்தம் இருக்கிறதா என்பது வேறு. அந்த மரணத்துக்குப் பிறகு அம்மா எப்படி வாழப்போகிறார் என்பது வேறு. முதலாவதற்கு நாம் யாரும் பதில் சொல்லக் கடமைப்படவில்லை. ‘அர்த்தமே இல்லம்மா, இப்படி நடந்திருக்கவே கூடாது’ என்று நீயும் சொல்லலாம், உண்மைதானே. அம்மா இப்போது தங்கைக்காக என்னென்ன செய்கிறார் என்று பார். படத்துக்குப் பூ வைக்கிறாரா, அவள் துணியை எடுத்து மடித்து வைக்கிறாரா, அவள் தோழிகள் வந்தால் சோறு போடுகிறாரா? அவர் ஏதோ ஒன்றை விடாமல் காத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடு. அர்த்தம் என்ற பேச்சை எடுக்காதே.

நீயும் தங்கையை இழந்தவள். உன் கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றியே இருக்கிறது. உன்னைப் பற்றி இன்னொரு கடிதம் எழுது.

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. ஆறு மாதமாகச் சாவைப் பற்றியே பேசுகிறார். யார் கொள்ளி வைப்பது, எங்கே கரைப்பது, எந்த வேட்டி உடுத்துவது என்று. என் கணவர், “வாய மூடுங்கப்பா, விளக்கு வெச்ச நேரத்துல” என்று சத்தம் போடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பேச விடலாமா?
– மருமகள், சிம்மோர்

பதில்: பேச விடுங்கள் அம்மா. விளக்கு வைத்த நேரம் வேண்டாம் என்றால் காலையில் கோப்பி குடிக்கும்போது பேசட்டும்.

இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1980இல் எழுதியதில், மனிதன் தப்பிக்க முடியாதவை நான்கு என்று வைத்தார். சாவு, சுதந்திரமும் அதன் பொறுப்பும், தனிமை, அர்த்தம் முன்கூட்டியே கொடுக்கப்படாத நிலை. உங்கள் மாமனார் முதலாவதைத் தைரியமாகப் பார்க்கிறார். பக்கத்தில் யாரும் நின்று பார்க்க மாட்டேன் என்கிறார்கள். அதனால் சாவோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. பயம் அவருக்கு இருப்பதைவிட உங்கள் கணவருக்கு அதிகம் என்று தோன்றுகிறது. அவரைக் கோபிக்காதீர்கள், அப்பாவை இழக்கப் போகிறோம் என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

மாமனாரிடம் விவரமாகவே கேளுங்கள். எந்த வேட்டி மாமா, அதை ஏன் எடுத்து வெச்சிருக்கீங்க? கரைக்கும்போது யார் யார் வரணும்? இந்தக் கேள்விகளிலிருந்து சில சமயம் பழைய சண்டை வெளியே வரும், பேசாமல் விட்ட ஒரு தம்பி வெளியே வருவார், திருப்பிக் கொடுக்காத கடன் வரும். சாவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் முடிக்காமல் வைத்திருக்கும் வாழ்க்கையைத்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். அதில் இப்போதே முடிக்கக்கூடியது இருந்தால் முடிக்க உதவுங்கள். அந்தத் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடலாமே.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாவை எதிர்பார்த்துப் பேசுவது ஒன்று, சாவைத் தேடுவது வேறொன்று. சாப்பாட்டை ஒதுக்குகிறார், தூங்குவதில்லை, “உங்களுக்கெல்லாம் பாரம்” என்கிறார், பொருளையெல்லாம் திடீரென்று பிரித்துக் கொடுக்கிறார், அல்லது பல நாள் தவிப்புக்குப் பிறகு காரணம் தெரியாமல் அமைதியாகிவிட்டார் என்றால் நேராகக் கேளுங்கள்: “மாமா, உயிரை மாய்ச்சுக்கணும்னு நெனைக்கிறீங்களா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு, யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம்தான் குறைகிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, களைக்கொல்லி, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டை விட்டு அகற்றுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று முன்பு நிறையக் குடும்பங்கள் மறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. மறைக்கத் தேவையில்லை. பேசுவதற்கு பிஃப்ரெண்டர்ஸ் உதவி அமைப்பு 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. இந்த எண்களைக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள். மாமனாருக்கு வேண்டாம் என்றாலும் வீட்டில் பதினாறு வயசுப் பிள்ளை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் மகளிர் குழு நடத்துகிறோம். மனக்குறை சொல்ல வருகிறவர்கள் பாதியில் அழுதுவிடுகிறார்கள், அல்லது பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நான் ஏதேதோ பேசிவிடுகிறேன்.
– குழுத் தலைவி, பீடோர்

பதில்: பேச்சு நின்றால் உங்கள் மூச்சை இரண்டு மூன்று முறை இழுத்து விடுங்கள். பெரும்பாலும் அதற்குள் அவர்களே தொடங்கிவிடுவார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் பேசினால் தேடியது கை நழுவிவிடும். நீண்டுவிட்டால், “இப்ப மனசுல என்ன ஓடுது?” என்று மெதுவாகக் கேட்கலாம். “சொல்ல வேண்டாம்னா சொல்ல வேண்டாம்” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழும்போது டிஷ்யூ எடுத்து நீட்டாதீர்கள். நிறுத்து என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. பெட்டியை அவர்கள் கைக்கு எட்டும்படி முதலிலேயே வைத்துவிடுங்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்வார்கள். “எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு” என்று உங்கள் கதைக்குப் போகாதீர்கள். குழுவில் வேறு யாராவது அந்தப் பக்கம் இழுத்தாலும், “கொஞ்சம் இருங்கக்கா, அவங்க முடிக்கட்டும்” என்று தடுங்கள்.

எத்தனை மணிக்கு முடியும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆலோசகர்கள் ஒருவரைப் பார்ப்பது வழக்கமாக 50 நிமிஷம். குழுவுக்கு ஒன்றரை மணி நேரம் சரியாக இருக்கும். கடைசிப் பத்து நிமிஷத்தில் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். அழுதவர் வீட்டுக்கு எப்படிப் போகிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரில் வந்தவர் என்றால் ஒரு சாயா குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடி உதை, சாகும் எண்ணம், குழந்தைக்குத் தொந்தரவு என்று வந்தால் குழுவில் தீர்க்கப் பார்க்காதீர்கள். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999க்கு அழையுங்கள், அவர் பேசத் தயங்கினால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.